மீற்றர் பிழையா, உப்புப் பிழையா: பன்னிரண்டு கிழமைப் பிரஷர் வேலை

பிரஷர் இருப்பது எனக்குத் தெரிய வந்தது ஓர் இரத்ததான முகாமில். ஊர் விளையாட்டுக் கழகத்துப் பொடியள் ஒழுங்கு செய்த முகாம். வரிசையில் நின்று கையை நீட்டினேன். டொக்டர் அளந்தார், கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டுத் திரும்பவும் அளந்தார். "தம்பி, இண்டைக்கு உங்களிட்ட எடுக்க ஏலாது" என்றார். 152க்கு 98. எனக்கு வயது 29. தலைச்சுற்று இல்லை, நெஞ்சுநோ இல்லை, ஒன்றும் இல்லை.

வீட்டில் சொன்னதும் அம்மா சிரித்தார். "உனக்குப் பிரஷர் வாற வயசே? வெயிலுக்கை நிண்டிருப்பாய்." நானும் நம்பவே விரும்பினேன். ஆனால் என் தொழில் இன்வெர்ட்டரும் பற்றறியும் திருத்துவது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் சின்னக் கடை. கூடுதலாக வோல்டேஜ் காட்டுகிற ஒரு சாமானைப் பார்த்துவிட்டு, "வெயிலாக இருக்கும்" என்று மூடி வைக்க மாட்டேன். முதலில் மீற்றர் சரியா என்று பார்ப்பேன், பிறகு சாமானைப் பார்ப்பேன். இதையும் அப்படியே செய்வோம் என்று ஒரு கொப்பியை எடுத்துத் திகதி போட்டேன். அது மே மாதக் கடைசி.

மீற்றரில்தான் முதல் பிழை அகப்பட்டது. வீட்டில் அம்மம்மாவின் மெஷின் ஒன்று இருந்தது, மேற்கையில் சுற்றுகிற வகை. அதில் 154க்கு 97. பட்டியைத் திருப்பிப் பார்த்தால் 22–32 செ.மீ. என்று அச்சடித்திருந்தது. அம்மாவின் தையல் மெஷினில் கிடந்த அளவு நாடாவால் என் மேற்கையின் நடுவைச் சுற்றி அளந்தேன்: 34.5. மெலிந்த அம்மம்மாவின் கைக்குச் செய்த பட்டி என் கையில் முழுதாகச் சுற்றாது. கைக்குச் சின்னதான பட்டி உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டும், ஏனென்றால் குழாயை நசுக்க அதற்குக் கூடுதல் காற்று வேண்டும். ஆஸ்பத்திரி வீதியில் ஒரு பாமசியில் 32–42 செ.மீ. பட்டி வாங்கி மாட்டினேன். சில நிமிட இடைவெளியில் பழையதிலும் புதியதிலும் மாறி மாறி அளந்தால் ஏழு புள்ளி வித்தியாசம்.

இரண்டாவது பிழை கை வைத்த உயரம். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு அளந்தேன். மேல்மாடித் தண்ணீர்த் தாங்கி எவ்வளவு உயரமோ, கீழ்க் குழாயில் அழுத்தம் அவ்வளவு. இரத்தத்துக்கும் அதே கணக்குத்தான். கை இதயத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தால் ஏழு எட்டுப் புள்ளி ஏறும். மடிக்கும் நெஞ்சுக்கும் இடையே என்னில் 15 செ.மீ. மட்டில் வந்தது, அதாவது பத்துப் புள்ளிக்கு மேல் சும்மா. மேசையில் இரண்டு தடித்த புத்தகங்களை அடுக்கிக் கையை நெஞ்சு மட்டத்துக்குக் கொண்டு வந்தேன்.

இதை வாசித்துவிட்டு உடனே வீட்டு மெஷினைத் தூக்குகிற ஆட்களுக்காக மிச்ச ஒழுங்கையும் சொல்லிவிடுகிறேன். அளக்க முன் அரை மணித்தியாலம் தேத்தண்ணீர், கோப்பி, சிகரெட் கூடாது. சலம் முட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கதிரையில் முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் நிலத்தில் பதிய, கால் மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். அளக்கும்போது கதைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் கடினமானது இதுதான், பட்டியில் காற்று ஏறத் தொடங்கினால்தான் அம்மாவுக்குக் கேள்வி வரும். காலையில் இரண்டு தரம், பின்னேரம் இரண்டு தரம், ஒரு நிமிட இடைவெளி விட்டு. ஏழு நாள் எடுத்து முதல் நாளை வெட்டிவிட்டு, மிச்சம் 24 எண்களுக்கும் சராசரி போட வேண்டும்.

எனக்கு வந்த சராசரி 146க்கு 93. மீற்றர் பிழை எல்லாம் கழித்த பிறகும் பிழை மிச்சம் இருந்தது.

கொப்பியையும் மெஷினையும் கொண்டு டொக்டரிடம் போனேன். அவர் தன் கருவியாலும் என் மெஷினாலும் ஒரே கையில் மாறி மாறி அளந்தார், மூன்று புள்ளிக்குள் ஒத்து வந்தது. கிளினிக்கில் 140க்கு 90, வீட்டுச் சராசரியில் 135க்கு 85, இவற்றைத் தொட்டாலே உயர் இரத்த அழுத்தம்தான் என்றார். அமெரிக்க இதய நிபுணர் சங்கங்கள் 2017இல் இந்தக் கோட்டை 130க்கு 80 ஆக இறக்கிவிட்டன என்பது பிறகு நானாக வாசித்தது. இந்த வயதில் வந்தால் வேறு காரணம் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சலம், சிறுநீரக வேலையைக் காட்டுகிற கிரியாற்றினின், பொட்டாசியம், சுகர், கொலஸ்ட்ரோல், ஈ.சி.ஜி., சிறுநீரக ஸ்கான் எல்லாம் எழுதித் தந்தார். கொலஸ்ட்ரோல் மட்டும் கொஞ்சம் கூட, மற்றதெல்லாம் சரி.

அவர் கேட்ட கேள்விகள்தான் எனக்குப் புதிது. குறட்டை விடுவீரா? அதிமதுரம் குடிக்கிற பழக்கம் இருக்கா? (அதிமதுரம் தொடர்ந்து எடுத்தால் பொட்டாசியம் இறங்கிப் பிரஷர் ஏறுமாம். தொண்டைக்கு நல்லதென்று எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும்.) நோவுக்குளிசை போடுவீரா? அங்கேதான் மாட்டினேன். பற்றறி தூக்கித் தூக்கி இடுப்பு நோ, கிழமைக்கு நாலு நாளாவது டைக்ளோபினாக். அந்த வகைக் குளிசைகள் உடம்பில் உப்பையும் தண்ணீரையும் தேக்கிப் பிரஷரை ஏற்றும் என்றார். அதை நிறுத்தச் சொல்லிப் பரசிற்றமோல் சொன்னார், ஆனால் தண்ணீரில் போட்டால் நுரைக்கிற வகை வேண்டாமாம். அந்த ஒரு குளிசையிலேயே ஏறக்குறைய ஒரு கிராம் உப்புக்குச் சமமான சோடியம் உண்டு.

உறுப்புகளில் பாதிப்பு ஒன்றும் தெரியாதபடியால் மூன்று மாதம் தந்தார், குறையாவிட்டால் மருந்து. ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் என் கதையைப் பார்த்துவிட்டு நிறுத்தவே கூடாது. என்னுடையது ஒரு ஆளின் கொப்பி, அவ்வளவுதான்.

ஒரு பிழையைத் தேடும்போது ஒரே நேரத்தில் நாலு பாகத்தை மாற்றக் கூடாது. ஆகவே முதல் நாலு கிழமை உப்பு மட்டும், அடுத்த நாலில் உடற்பயிற்சி, கடைசி நாலில் நித்திரையும் இனிப்புக் குடிவகைகளும் என்று பிரித்தேன். நோவுக்குளிசையை உப்போடு சேர்த்தே நிறுத்த வேண்டி வந்ததால், முதல் நாலு கிழமை இறங்கியதில் எது எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியாது. தொழில்முறையில் பார்த்தால் அது ஒரு குறைதான்.

உப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் வளர்ந்த ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது தட்டையாக நிரப்பிய ஒரு தேக்கரண்டியளவு, எல்லாச் சாப்பாட்டுக்கும் சேர்த்து. எங்கள் வீட்டில் எவ்வளவு போகிறது? அம்மா போடுவது கைக்கணக்கு. ஆகவே உப்புத் தகரத்தைத் தராசில் வைத்தேன். ஏழு நாளில் 315 கிராம் இறங்கியது. ஐந்து பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 9 கிராம். நான் பெரிய கண்டுபிடிப்புச் செய்த மாதிரி இரவுச் சாப்பாட்டில் அறிவித்தேன். தங்கச்சிதான் கேட்டாள்: "மீன் கழுவுற உப்பு ஆர் தின்னுறது?"

உண்மைதான். மீன் உரசிக் கழுவ, கீரை அலச, அம்மம்மா தொண்டை கொப்பளிக்க, எல்லாம் அதே தகரம். கழுவுகிற உப்புக்கு வேறு போத்தல் வைத்து அடுத்த கிழமை திரும்ப நிறுத்தேன்: 196 கிராம், ஆளுக்கு 5.6. அட, இது மோசமில்லையே. பிறகு ஏன் எனக்கு 146?

இங்கே இரண்டு நாள் குழம்பிப்போய் இருந்தேன். தகரத்தில் இல்லாத உப்பு எங்கேயோ இருந்து வருகிறது. காலையில் கால் றாத்தல் பாண், மதியம் கடைப் பார்சல், பின்னேரம் றோல்ஸ் இரண்டு, இரவு சில நாள் கொத்துறொட்டி. பாணைப் பற்றி அறிய, ஒழுங்கை முகப்பில் இருக்கும் பேக்கரியில் மா குழைக்கிற அண்ணையைக் கேட்டேன். 50 கிலோ மூட்டைக்கு ஒரு கிலோ உப்பு என்றார். 450 கிராம் பாணில் மா 280 கிராம் மட்டில் வரும் என்று வைத்தால் முழுப் பாணில் ஐந்தரைக் கிராம் உப்பு, என் கால் றாத்தலில் 1.4. வாயில் உப்பே தெரியாத சாமான்! பாண் உப்பு என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

பார்சல் கறியை எப்படி அளப்பது? கடையில் பற்றறித் தண்ணீர் சுத்தமா என்று பார்க்க ரீ.டி.எஸ். மீற்றர் ஒன்று வைத்திருக்கிறேன். உப்புக் கரைந்த தண்ணீரில் மின்சாரம் கூடுதலாகப் பாயும், அதை வைத்து எண் காட்டுகிற பேனா மாதிரிச் சாமான். கறியில் நேரே வைத்தால் அளவு மீறிவிடும், எண்ணெயும் பிடித்துவிடும். ஆகவே கறித் தண்ணீரைத் துணியில் வடித்து, ஊசிபோடுகிற சிறிஞ்சால் 10 மி.லி. எடுத்து, காய்ச்சி வடித்த பற்றறித் தண்ணீரில் கலந்து ஒரு லீற்றராக்கினேன். ஒப்பிட ஒரு மாதிரி வேண்டுமே. 100 மி.லி. தண்ணீரில் ஒரு கிராம் உப்பைக் கரைத்து, அதிலும் 10 மி.லி. எடுத்து அதேபோலக் கலந்தேன். மீற்றர் 101 காட்டியது. 100 காட்டினால் நூற்றுக்கு ஒரு பங்கு உப்பு என்று பிடித்துக்கொள்ளலாம். (சோதித்த தண்ணீர் எதுவும் வாயில் வைக்க அல்ல. அமிலப் பற்றறி வேலை நடக்கிற மேசையில் செய்தது.)

அம்மாவின் சொதி 92. அம்மாவின் மீன்குழம்பு 118. பார்சல் பருப்பு 134. பார்சல் மீன்குழம்பு 187. கொத்துக்குத் தருகிற குழம்பு 205. புளியும் மரக்கறிச் சாறும்கூடக் கொஞ்சம் மின்சாரத்தைக் கடத்தும், ஆகவே இவை உண்மை உப்பைவிடச் சற்றுக் கூடத்தான். ஆனால் ஒன்றுக்கொன்று ஒப்பிடப் போதும். வெளிக் குழம்பு வீட்டுக் குழம்பின் ஒன்றரை மடங்கு. அதை நாலு அகப்பை ஊற்றிக் குழைத்துத் தின்பவன் நான்.

அதே உற்சாகத்தில் கருவாட்டையும் பிடித்தேன். 100 கிராமை ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரில் 10 மி.லி. எடுத்து ஐதாக்கினால் 80. அப்படியென்றால் ஊறிய தண்ணீரில் எட்டுக் கிராம் மட்டில் இறங்கியிருக்கிறது. அதை ஊற்றிவிட்டு இரண்டாம் முறை ஊறவைத்தால் இன்னும் இரண்டு மூன்று. "ரெண்டு தரம் ஊறப்போட்டால் அது கருவாடே, சக்கை" என்றார் அம்மம்மா. அதில் எனக்கும் மறுப்பில்லை. மாதம் ஒரு தரம், ஒரு தரம் ஊறியது என்று இணங்கினோம்.

கிணற்றுத் தண்ணீரையும் பார்த்தேன். கோண்டாவில் வீட்டில் 620, தீவுப்பகுதியில் பெரியம்மா வீட்டில் 1900க்கு மேல். எங்கள் நிலம் சுண்ணாம்புக் கல், ஆகவே அந்த எண்ணில் கல்சியமும் சேரும், அது முழுதும் உப்பில்லை. ஆனாலும் வாயில் உவர்ப்புத் தெரிகிற தண்ணீர் என்றால் கவனம். லீற்றருக்கு 200 மில்லிகிராம் சோடியம் மட்டில்தான் நாக்குக்குத் தெரியத் தொடங்கும். அப்படித் தண்ணீரை நாளுக்கு மூன்று லீற்றர் குடித்தால் 600 மில்லிகிராம் சோடியம், உப்பாகச் சொன்னால் ஒன்றரைக் கிராம். (சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. பைக்கற்றின் முதுகைப் பார்க்கும்போதும் இதே கணக்கு. நான் வாங்கிய நூடில்ஸ் பைக்கற்றில் சோடியம் 1200 மில்லிகிராம், அதாவது மூன்று கிராம் உப்பு.) பெரியம்மா வீட்டில் குடிக்கத் தண்ணீர் பவுசர் லொறியில் வாங்குகிறார்கள், சமைப்பது கிணற்றில்.

இனிக் குறைக்கிற வேலை. மதியப் பார்சலை விட்டு வீட்டுச் சோறு கட்டிக்கொண்டு போகத் தொடங்கினேன். இரவு ஒன்பதுக்குக் கடை பூட்டிவிட்டு வந்து அடுத்த நாளுக்கு மரக்கறி வெட்டுகிற பங்கை நான் எடுத்தேன், இல்லாவிட்டால் இந்தத் திட்டம் அம்மாவின் தலையில் இன்னொரு சுமையாகத்தான் விடியும். புட்டில்தான் முதல் வெற்றி. மா குழைக்கிற தண்ணீரில் உப்பைப் பாதியாக்கினோம், ஒருவருக்கும் தெரியவில்லை. கறியோடு சாப்பிடுகிற எதிலும் தெரியாது, இடியப்பமும் அப்படியே. சொதியில் தெரிந்தது. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று தட்டைத் தள்ளினார். பிறகு அவரே வழியும் கண்டுபிடித்தார்: அடுப்பால் இறக்கிய பிறகு உப்பு, அதோடு தேசிக்காய் கூட. பழப்புளி, மிளகு, உள்ளி, வறுத்த பெருஞ்சீரகம் எல்லாம் கொஞ்சம் தூக்கலாகப் போட்டால் நாக்கை ஏமாற்றலாம். மூன்றாம் கிழமை முடிய எனக்கே கடைக் குழம்பு கரிக்கத் தொடங்கியது.

இடையில் ஒரு விபத்து வரப் பார்த்தது. என் செய்தி கனடாவுக்குப் போய், சித்தி ஒரு பார்சலில் சோடியம் குறைந்த உப்பு அனுப்பியிருந்தார். அம்மா சந்தோஷமாகத் தகரத்தில் கொட்டப்போன நேரம் பெட்டியை வாசித்தேன்: பாதி பொட்டாசியம் குளோரைட். அப்பாவுக்குச் சலரோகம், சிறுநீரகமும் கொஞ்சம் பழுது, லொசாற்றன் என்கிற பிரஷர்க் குளிசை எடுக்கிறார். அப்படி ஆட்களின் உடம்பு பொட்டாசியத்தை லேசில் வெளியேற்றாது, அது இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே குழம்பும். ஒரு சட்டியில் ஐந்து பேர் சாப்பிடுகிற வீட்டில் எனக்கு நல்லது அப்பாவுக்கு நஞ்சாகலாம். பெட்டி அப்படியே அலுமாரியில். சித்திக்கு "நல்லா இருக்கு" என்று சொல்லியிருக்கிறோம்.

இந்துப்பும் கட்டி உப்பும் "நல்ல உப்பு" என்கிறவர்களுக்கு ஒரு வரி: எல்லாம் சோடியம் குளோரைட்தான். கட்டி உப்பு கரண்டியில் குறைவாகக் கொள்ளும், கட்டிகளுக்கிடையே காற்று. நிறுத்தால் ஒன்றே.

பொட்டாசியம் எனக்குத் தேவைப்பட்டதைச் சாப்பாட்டில் எடுத்தேன். என் சிறுநீரகம் சரி என்று அறிக்கை வந்தபடியால்தான் அதுவும். 1997இல் வெளிவந்த டாஷ் என்கிற அமெரிக்க ஆய்வில், உப்பைத் தொடாமலே பழம், மரக்கறி, கொழுப்புக் குறைந்த பால்சாமான்களைக் கூட்டிப் பிரஷரை இறக்கியிருந்தார்கள். நமக்கு அதற்குக் கப்பலில் ஒன்றும் வரத் தேவையில்லை. முருங்கையிலை வேலியில் நிற்கிறது. இதரை வாழைப்பழம், இளநீர், கீரைக்கறி. றோல்ஸுக்குப் பதில் அவித்த பயறு. அந்த நேரம் கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலமும்கூட, அங்கே நான் கட்டுப்பாடாக இருந்தேன் என்று சொல்ல மாட்டேன்.

நாலாம் கிழமைச் சராசரி 140க்கு 90.

உடற்பயிற்சிக்குப் பணம் செலவழிக்கவில்லை. கொட்டிலில் கிடந்த அப்பாவின் சைக்கிளுக்கு ரியூப் இரண்டும் மாற்றி, செயினை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, பிரேக் கட்டை போட்டேன். ஒரு ஞாயிறு போனது. கிழமைக்கு ஐந்து நாள், காலையில் கோண்டாவிலில் இருந்து பண்ணைக் கடற்கரை போய்த் திரும்புவது, நாற்பது நிமிடம் மட்டில். யாழ்ப்பாணத்தில் மேடு பள்ளம் இல்லை, ஆனால் அந்த மாதத்தில் சோளகக் காற்று இருக்கிறதே, பண்ணையில் அதற்கு முகம் கொடுத்து மிதித்தால் மலை ஏறுகிற மாதிரித்தான். அளவு எப்படித் தெரியும் என்றால், மிதிக்கும்போது கதைக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. முதல் கிழமை எனக்குக் கதைக்கவும் முடியவில்லை. எட்டாம் கிழமை 136க்கு 87. நிறை 84 கிலோவில் இருந்து 81.

பிறகு நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழாவுக்குக் கொடியேறியது. இருபத்தைந்து நாளும் வீட்டில் சைவம். மச்சம் இல்லை, கருவாடு இல்லை, கடைப் பக்கமே இல்லை, இனி எண் தானாக இறங்கும் என்று இருந்தேன். பத்தாம் கிழமை 141க்கு 89. மெஷினைச் சந்தேகித்தேன், பட்டியைச் சந்தேகித்தேன், கடைசியில் தட்டைப் பார்த்தேன். மீன் இல்லாத சோற்றுக்குத் துணையாக மோர்மிளகாய், வடகம், அப்பளம், ஊறுகாய். ஒரு மோர்மிளகாயைத் தட்டி 100 மி.லி. தண்ணீரில் ஊறவைத்து அளந்தேன், அந்த ஒன்றிலேயே கால் கிராமுக்கு மேல் உப்பு. நான் நேரத்துக்கு நாலு தின்றுகொண்டிருந்தேன். தண்ணீர்ப் பந்தல் மோரும் சர்பத்தும் வேறு. திருவிழா பார்த்துவிட்டு வந்து படுக்க நடுச்சாமம் கடந்துவிடும், ஐந்து மணிக்கு எழும்பினால் நித்திரையும் இல்லை. மாற்றக் கூடாத இரண்டு பாகம் ஒன்றாக மாறிவிட்டது, ஆகவே அந்த ஏற்றத்துக்கு எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. மோர்மிளகாயை ஒன்றாக்கினேன். போனைச் சுவாமியறைத் தட்டில் வைத்துவிட்டுப் பத்தரைக்குப் படுக்கத் தொடங்கினேன், சக்தி பானங்களையும் சோடாவையும் விட்டேன்.

பன்னிரண்டாம் கிழமை 132க்கு 84. நிறை 79.6. டொக்டர் கொப்பியைத் தட்டிப் பார்த்தார். ரீ.டி.எஸ். பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார், சிரித்தார். இப்போதைக்கு மருந்து வேண்டாம், இதே மாதிரி மூன்று மாதம் போய் ஒரு கிழமை அளந்து கொண்டு வாரும், ஏறினால் மருந்து, அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார்.

மெஷின் இப்போது கடையில் இருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர், வாடிக்கையாளர் என்று ஆட்கள் கையை நீட்டுகிறார்கள். முப்பத்தொரு வயதுச் சிநேகிதன் ஒருவனுக்கு, புத்தகம் அடுக்கி, ஐந்து நிமிடம் இருத்தி, மூன்று நாள் எடுத்தும் 158க்கு 102. "மச்சான், உன்ர மெஷின் பழசு" என்கிறான். நாளைக்கு அவனை ஏற்றிக்கொண்டு கிளினிக் போக மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடித்து வைத்திருக்கிறேன்.

இன்று காலை எனக்கு 131க்கு 83. உப்புத் தகரம் இந்தக் கிழமை 126 கிராம்தான் இறங்கியிருக்கிறது, ஆளுக்கு 3.6. ஆனால் மீன் கழுவுகிற போத்தல் வழமையைவிடக் கூடக் காலியாகியிருக்கிறது. அம்மாவைக் கேட்டேன். அவர் சொதியைத் துழாவிக்கொண்டு, "இந்தக் கிழமை மீன் கொஞ்சம் பெரிசு" என்றார்.